கைவிட்டால் நிற்கும்

தூத்துக்குடிக்கு வெளியே ஏழு மைல்.
நங்கூரம் போட்டு இன்று பதினோராம் நாள்.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிகின்றன,
அவற்றின் இடுப்பு வரை
கச்சான் காற்று அள்ளி வந்த தேரிமண் தூசி.
என் ஊர் கூத்தன்குழி தெற்கே, கண்ணுக்கு எட்டாது.
போனில் மட்டும் ஒரு கோடு, சில நேரம் இரண்டு.

கப்பல் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறது.
இரண்டு பக்கமும் ஒரே அலை.
இடப்பக்கத்துப் படகை இறக்கச் சொல்லி உத்தரவு,
செவ்விளநீர்க் காய்போல
நிறமும் அதே, மூடிக் கிடப்பதும் அதே.

பிரேக் என் கையில்.
தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்:
இந்தப் பிடியைத் தூக்கினால் படகு இறங்கும்,
கையை விட்டால் நின்றுவிடும்.
பிடித்திருப்பவன் மயங்கினாலும் பயந்து ஓடினாலும்
நின்ற இடத்தில் செத்தே போனாலும்
எடைக்கல் தானாக விழுந்து கவ்வும்.
வீட்டிலும் பங்கிலும் கடற்கரையிலும்
கைவிட்டவனைத்தான் ஏசுவார்கள்.
இது ஒன்றில் மட்டும்
கைவிட்டவன் காப்பாற்றினவன்.

பின் எடுத்தாச்சா? எடுத்தாச்சு.
கட்டுக்கம்பி? அவுத்தாச்சு.
அடித்தக்கை?
போட்டாச்சு போசன்.
முறுக்கிப் பாத்தியாலே?
மறுபடி முறுக்கப் போகிறான் சிலுவைதாசன்.

இனி கொக்கிகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
கொக்கி பொய் சொல்லும்.
வாய் மூடித்தான் இருக்கும்,
உள்ளே ஒரு நூல் பாக்கி இருக்கும்.
சிவப்புக் கோடு சிவப்புக் கோட்டைத் தொட வேண்டும்.
போன மாதம் அந்தக் கோட்டின்மேல்
யாரோ வெள்ளை அடித்துவிட்டார்கள்.
அடிக்கச் சொன்னது நான்.

நால்வர் உயிர்க்கவசம் கட்டி வரிசையில்:
சிலுவைதாசன், நாசரேத் கிளாட்வின்,
ரத்னகிரிக்காரன் ஒருவன், புதிதாக வந்த மோட்டார்மேன்.
சீஃப் ஆபீசர் மணியைப் பார்க்கிறார்.
ஏறச் சொல்லு, போட்டோ எடுக்கணும்.
வெறும் படகு முதல்ல, சார்.
நேரமில்ல போசன்.
வெறும் படகு, சார்.
அதற்குமேல் நான் பேசவில்லை.
பிடியைத் தொடவுமில்லை.
தொடாத வரை அது இறங்காது
என்று அவருக்கும் தெரியும்.

தூக்கினேன்.
கம்பி முனகிக்கொண்டு போனது, கிரீஸ் வாசம்.
நிறுத்தினேன், பார்த்தேன், தூக்கினேன்.
தண்ணீருக்கு இரண்டு பாகம் இருக்கையில்
தீப்பெட்டி திறக்கிற அளவுக்கு
ஒரு சத்தம்.

பின்கொக்கி.

படகின் பின்பாதி கழன்று கடலில் அறைய
மூக்கில் மட்டும் தொங்கியது,
தூண்டிலில் ஏறிய பாரை மாதிரி.
உள்ளே பிஸ்கட் டப்பாக்கள் உருண்டன,
தண்ணீர்ப் பொட்டலங்கள், ஒரு வாளி,
ஆளில்லாத இருக்கைப் பட்டைகள் எல்லாம்
ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடியிருக்கும்.
என் கை எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது.
பிடி கீழே கிடந்தது.

யாரும் கத்தவில்லை.
கிளாட்வின் தளத்தில் உட்கார்ந்து
ஷூவைக் கழற்றினான்.
கொஞ்ச நேரம் கழித்து
மாட்டிக்கொண்டான்.
சீஃப் ஆபீசர் போட்டோ எடுக்கவில்லை.

மதியம் நாலு பேரும் சாப்பிட்டார்கள்.
சிலுவைதாசன் இரண்டாந்தரம் ரசம் கேட்டான்.
அவன் குடித்து முடிக்கும் வரை
நான் வாசலில் நின்றேன், வேலை ஏதோ இருப்பதுபோல.

சாயங்காலம் இரண்டு கோடு.
ஜெசிந்தா மோட்டார் காயில் எரிந்த கதை சொன்னாள்,
சாளை விலை சொன்னாள்.
அங்க என்ன விசேஷம்?
படகு இறக்கினோம்.
கப்பல் முழுகவா செய்யுது, அதை எதுக்கு இறக்கணும்?
என்றாள்.
அதானே, என்றேன்.

ராத்திரி டார்ச்சும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு
வலப்பக்கத்துப் படகில் ஏறினேன்.
அங்கேயும் நான் சொல்லித்தான் அடித்தார்கள்.
வெள்ளை செதில் செதிலாக மடியில் விழுந்தது.
நகத்தளவு சிவப்பு தெரிய
அரைமணி ஆயிற்று.
இன்னொன்றைத் தேட ஆரம்பித்தேன்.